பாலைவனத்துக்குப் பயணம் சொன்னேன்

1

போன சனிக்கிழமை காலை பத்து மணி போல என் வீட்டு வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள். நான் களவெடுக்கவில்லை. யாருக்கும் அடிக்கவில்லை. வேலை செய்கிற இடத்தில் நாலு பேரிடம் மாப்பு, அதாவது மன்னிப்பு, கேட்டேன். அவ்வளவுதான்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதைச் சொல்ல எனக்கு இங்கே ஆள் இல்லை.

இலங்கையில் கல்முனையை விட்டு வந்து இருபத்து மூன்று வருஷம். அதற்கு முன்னம் ஆறு வருஷம் கட்டாரில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டினேன். மறுகா விசா லொத்தரில் அமெரிக்கா விழுந்தது. இப்போது டெக்ஸாஸில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில் வேலை. கட்டில் விரிப்பு, ஓப்பரேசன் உடுப்பு, குழந்தைகளைச் சுற்றும் துண்டு எல்லாம் ஒரே வண்டியில் வரும். பிரித்துப் போடுவது என் வேலை. இரத்தம் பட்டது ஒரு பக்கம், படாதது ஒரு பக்கம். அதற்கு இங்கிலீஷ் தேவையில்லை.

2

என் மகள் ஷிபாவுக்குப் பதினேழு வயது. இந்தக் கோடைக்குப் பாலைவனப் பூங்காக்களைப் பார்க்கப் போக வேண்டும் என்று மாசி மாதமே தொடங்கிவிட்டாள். பத்து நாள். காரில் போவது. முதலில் வெள்ளை மணல். அடுத்து மரம் கல்லாகிக் கிடக்கும் இடம். கடைசியில் சிவந்த பாறை வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மைல், எங்கே காருக்கு எண்ணெய் அடிப்பது, எங்கே படுப்பது என்று ஒரு பெரிய தாளில் எழுதிச் சோறு ஆக்குகிற குசினிச் சுவரில் ஒட்டினாள்.

மனைவி நஸீமா அதைப் பார்த்துச் சொன்னாள்.

"கல்லும் மண்ணும் பாக்கவா பத்து நாள் போற? அது என்ன புள்ள, மரமில்ல, தண்ணியில்ல. உன்ட வாப்பாட்டக் கேளு. ஆறு வருசம் பாத்தவரு."

"உம்மா, இது வேற பாலைவனம்."

"வேற எண்டா? இதுல மண் இனிக்குமா?"

கட்டாரில் ஒருவனும் பாலைவனம் பார்க்கப் போகவில்லை. அது நாங்கள் வேலை செய்த இடம். இந்த நாட்டில் அதற்கு வாசல் வைத்து நேரம் குறித்து உள்ளே விடுகிறார்கள். காலை எட்டு மணிக்குப் பதிந்தவன் பத்து மணிக்குப் போனால் திருப்பி அனுப்புவார்களாம்.

வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தேன். ஒரு நாள் சோறு தின்றுகொண்டிருக்கும்போது ஷிபா சொன்னாள்.

"வாப்பா, அகீல் காக்காவும் வாறன் எண்டாரு."

நஸீமா கையில் இருந்த கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"ஆருட்ட சொன்னான்?"

"எனக்கு மெசேஜ் போட்டிரிக்காரு. ஒண்டுதான் கேட்டாரு. திரும்பி வாற நாள் என்ன எண்டு. வேலையில லீவு போடத்தானே கேட்டிரிப்பாரு."

லீவு போட இல்லை. அது எனக்கும் நஸீமாவுக்கும் தெரியும். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நான் எழும்பிக் கை கழுவினேன்.

அதற்குப் பிறகு நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

3

அகீல் என் மூத்த பிள்ளை, ஷிபாவின் காக்கா. இங்கே பிறந்தவன். இப்போது இருபத்திரண்டு வயது. வீடுகளுக்கு ஏசி பூட்டுகிறான். எங்கள் வீட்டில் இருந்து நாற்பது நிமிஷத் தூரத்தில் இருக்கிறான். நாலு வருஷமாக எங்கள் வாசல்படி மிதிக்கவில்லை. அவன் நம்பர் ஷிபாவிடம் மட்டும்தான் இருக்கிறது.

அவனுக்குப் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தில் இருந்து கூப்பிட்டார்கள். புத்தகப் பையில் புகைக்கிற சாமான் இருந்ததாம். நான் பயந்துபோனேன். பயந்தவனுக்குப் புத்தி சொல்ல நிறையப் பேர் வருவார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போன இடத்தில் மூன்று பேர் ஒரே சொல்லைச் சொன்னார்கள். ஊருக்குக் கொண்டுபோய் விடு. இங்கே வைத்திருந்தால் பிள்ளை கையை விட்டுப் போய்விடும்.

விடுமுறை என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். ஒரு மாதம். ஷிபா சின்னப்பிள்ளை என்று நஸீமாவும் அவளும் இங்கே நின்றார்கள். நானும் அவனும் மட்டும் போனோம். அவன் சந்தோசமாகத்தான் வந்தான். என்னோடு பிறந்த ராத்தா வீட்டில் நின்றோம். மாவடிப்பள்ளிப் பக்கம் வயல் பார்க்கப் போனோம். பாலத்தில் இருந்து தண்ணீருக்குள் பாய்ந்தான். திருக்கோவில் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வந்தான். என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

அந்த மாதத்திலேயே வரிப்பத்தான்சேனைக்கு அப்பால் ஒரு மதரஸாவில் அவனுக்குப் பதிந்து வைத்தேன். தங்கிப் படிக்கிறது. அவனுக்குச் சொல்லவில்லை.

புறப்படுகிறதுக்கு முதல் இரண்டு நாளும் ஊர் வழக்கப்படி பயணம் சொல்லப் போனேன். எங்கள் பக்கத்தில் தூரப் பயணம் போகிறவன் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். பயணம் போறன், ஏதும் பிழை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மாப்புச் செய்யுங்க. அவர்களும் அப்படியே சொல்வார்கள். மாப்புச் செஞ்சன், நீங்களும் செய்யுங்க. அப்போதுதான் பயணம் பயணமாகும். நாற்பது வீடு இருக்கும். கதைக்காமல் இருந்த மச்சான் வீட்டுக்கும் போனேன். அவர் கையைப் பிடித்து அழுதார்.

மூன்றாம் நாள் விடியச் சுபஹுத் தொழுகை நேரத்துக்கு வேன் வந்தது. அகீல் ராத்தா வீட்டு நடு அறையில் சாரனைப் போர்த்திக்கொண்டு உறக்கம். அவன் பாஸ்போட் என் பையில். நான் எழுப்பவில்லை.

நாற்பது வீட்டில் மாப்புக் கேட்டேன். அவனிடம் பயணம் சொல்லவில்லை.

ஒரு வருஷம் என்று நஸீமாவுக்குச் சொன்னேன். அது மூன்று வருஷத்துக்குக் கிட்ட வந்தது. முதல் மாதங்களில் போன் எடுத்து அழுதான். பிறகு அழவில்லை. பிறகு எடுக்கவில்லை. பதினெட்டு வயது முடிந்த கிழமை கல்முனையில் கொழும்பு பஸ் ஏறினான். தூதரகத்துக்குத் தனியே போய், பாஸ்போட் தொலைந்தது என்று எழுதிக் கொடுத்து, புதிதாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். விமான நிலையத்தில் இருந்து எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அவன் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டான் என்று ராத்தா சொன்னாள். விட்டான்தான். எங்களையும் விட்டான்.

4

பயணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது ஷிபா பூங்காக்களின் படிவங்களை நிரப்பினாள். ஒன்றில் ஒரு கட்டம் இருந்தது. உங்களுக்கு ஏதும் நடந்தால் யாருக்கு அறிவிப்பது? பயணத்தில் இல்லாத ஆளாக இருக்க வேண்டும்.

"வாப்பா, ஆர்ட பேர் போடுற?"

யோசித்தேன். நாங்கள் நாலு பேரும் காருக்குள். ஊரில் இருப்பவர்களைப் போட ஏலாது. இந்த நாட்டு நம்பர் வேண்டுமாம். ஜும்ஆவில் ஸலாம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் முழுப் பேர் எனக்குத் தெரியாது. ஆலையில் லூயிஸ் இருக்கிறான். அவன் வீடு எங்கே என்று தெரியாது.

"சும்மா விடு."

"விட்டா அடுத்த பக்கம் போகுதில்ல, வாப்பா."

கடைசியில் அவளுடைய கூட்டாளியின் தாயின் பேரைப் போட்டாள். நான் அந்தப் பெண்ணை ஒரு தரம்தான் பார்த்திருக்கிறேன். நாங்கள் செத்தால் எங்கள் மையித்தைப் பற்றி முதலில் கேள்விப்படப் போகிறவள் அவள்.

பிறகு எச்சரிக்கையை வாசித்துக் காட்டினாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கலன், நாலு லீற்றர் போல, தண்ணீர். போன் வேலை செய்யாது. கார் நின்றால் காரை விட்டு நடக்காதே. வெயிலில் ஆட்கள் செத்து மௌத்தாகியிருக்கிறார்கள்.

அவள் அதை விளையாட்டாக வாசித்தாள். நான் கட்டாரில் ஒரு பிக்கப்பைக் கண்டிருக்கிறேன். டயர் மண்ணில் புதைந்து நின்றது. இரண்டு பேர், பெங்காலிகள். ஒருவன் காரின் நிழலில் கிடந்தான். மற்றவன் நடந்திருக்கிறான். காலடி போன திசையில் போய்ப் பார்த்தோம். என் பவுசரில் தண்ணீர் நிறைய இருந்தது. அவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

பாலைவனத்துக்குப் போகிறவன் பயணம் சொல்லாமல் போக ஏலாது. எனக்கு வேறு விதமாக யோசிக்கத் தெரியாது.

5

போன வியாழக்கிழமை முதலில் ராத்தாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஹஜ்ஜுக்கா போற தம்பி?"

"இல்ல. சுத்திப் பாக்க."

"சுத்திப் பாக்கப் போறவனும் மாப்புக் கேப்பானா? விசராடா உனக்கு?"

"பாலைவனம் ராத்தா. அகீலும் வாறான்."

ராத்தா குரலைத் தாழ்த்தினாள்.

"நான் மாப்புச் செஞ்சன், அல்லாஹ்வுக்காக. நீ அவன்ட்டக் கேட்டயா?"

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் சரியாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பயணத்துக்கு முன் கடைசி வேலை நாள். ஆலையில் லூயிஸிடம் போனேன். அவனுடைய குடை ஒன்று மழைக்காலத்தில் இருந்து என்னிடம் கிடந்தது. பிறர் சாமானை வைத்துக்கொண்டு பயணம் போகக்கூடாது. குடையைக் கொடுத்தேன். என்னுடைய சோற்றுப் பெட்டி நல்லது, சூடு நிற்கும். அவனுக்கு அதில் ஆசை. அதையும் கொடுத்தேன். கையைப் பிடித்து எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். நான் உனக்குச் செய்த கெட்டது எல்லாவற்றையும் மன்னித்துவிடு. நானும் உன்னை மன்னித்துவிட்டேன். நான் போகிறேன்.

அவன் முகம் மாறியது. நான் அதை அன்பு என்று நினைத்தேன்.

துணி மடிக்கிற இரண்டு பெண்களிடம் கேட்டேன். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். கடைசியாக எங்கள் மேற்பார்வையாளர் அம்மாவிடம் போனேன். நல்ல மனுசி. பிழையிருந்தால் மன்னிக்கச் சொன்னேன். எங்கே போகிறாய் என்று கேட்டாள். பாலைவனம் என்றேன். எப்போது வருவாய் என்றாள். அது அல்லாஹ்வின் நாட்டம் என்றேன். ஊரில் வேறு என்ன சொல்வோம்?

அவள் என் தோளில் கை வைத்து, வீட்டில் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டாள். இருக்கிறார்கள் என்றேன். உன் விலாசம் பழையதுதானே என்றாள். ஓம் என்றேன்.

இந்த நாட்டில் ஒருவன் தன் சாமானைக் கொடுத்துவிட்டு, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டால், அவன் தன் உயிரை எடுக்கப் போகிறான் என்று அர்த்தமாம். அவளுக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அவள் அதைச் சரியாகத்தான் செய்திருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

6

வந்தவர்களில் ஒருவர் வயதானவர். மற்றவன் இளவட்டம், கையை இடுப்புப் பட்டியில் இருந்து எடுக்கவில்லை. நஸீமா முக்காட்டை இழுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார்கள். வீட்டில் துவக்கு, துப்பாக்கி ஏதும் இருக்கிறதா, என்ன மருந்து குடிக்கிறாய் என்று கேட்டார்கள். பிரஷருக்குக் குளிசை என்றேன். அந்தப் போத்தலை எடுத்துத் தங்கள் பக்கம் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த கேள்வி எனக்கு விளங்கவில்லை. ஷிபாவைச் சொல்லச் சொன்னார்கள். பிள்ளைக்கு அதற்குத் தமிழ் தெரியவில்லை.

"வாப்பா, அவரு கேக்கிறாரு... நீங்க உங்கள... நீங்களே மௌத்தாகப் போறீங்களா எண்டு."

சொல்லிவிட்டு அழுதாள்.

மார்க்கம் தடுத்த ஹராமான காரியம். அதைப் பெற்ற பிள்ளையின் வாயால் கேட்க வேண்டி வந்தது. நான் இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன். வேகமாக ஆட்டியிருக்க வேண்டும். இளவட்டம் ஒரு அடி முன்னால் வந்தான். வயதானவர் சொன்னார், கோபப்படாதே, உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஒரு டாக்டரிடம் காட்டலாம், மூன்று நாள் வைத்துப் பார்ப்பார்கள். அங்கே போனால் நான் பிரித்துப் போடுகிற விரிப்பில் நானே படுத்திருப்பேன்.

வீட்டில் வேறு பெரிய ஆள், இரண்டு பாஷையும் நன்றாகக் கதைக்கிறவர் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார். ஷிபா அகீலுக்குப் போன் எடுத்தாள்.

முப்பது நிமிஷத்தில் வந்தான். வேலை உடுப்போடு வந்தான். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். தாடி வைத்திருக்கிறான். என்னைப் பார்க்கவில்லை. போலீஸிடம் கேட்டான், என்ன செய்தார்? அவர்கள் சொன்னார்கள். குடை, சோற்றுப் பெட்டி, மன்னிப்பு, பாலைவனம்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு விளங்கப்படுத்தினான். ஷிபாவுக்குத் தெரியாததெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஊரில் பயணத்துக்கு முன் வீடு வீடாகப் போவார்கள், மாப்புக் கேட்பார்கள், பிறர் பொருளைத் திருப்பிக் கொடுப்பார்கள், நான் அங்கே மூன்று வருஷம் இருந்தேன், கண்ணால் கண்டேன் என்றான். சுவரில் இருந்த தாளைக் காட்டினான். பத்து நாள் பயணம், அறை பதிந்திருக்கிறது, திரும்பி வரும் நாளும் எழுதியிருக்கிறது என்றான்.

வயதானவர் தாளைப் பார்த்தார். எல்லா இடத்தையும் வாசித்தார். முகம் இளகியது. அகீலிடம் கேட்டார்.

"அப்படியென்றால் உன்னிடமும் கேட்டிருப்பாரே?"

"இல்லை," என்றான் அகீல். "என்னிடம் கேட்கவில்லை."

அவர் சிரிக்கப் பார்த்தார். அகீலின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. குளிசைப் போத்தலை மேசையில் வைத்தார். ஒரு தாளில் ஏதோ எழுதினார். ஒரு உதவி நம்பர் கொடுத்தார். போனார்கள்.

7

நஸீமா குசினியில் இருந்து வந்தாள்.

"தின்டயா மகன்?"

"பசியில்ல உம்மா."

"தேத்தண்ணி?"

"ம்."

மூன்று வருஷத்தில் அவனுக்கு என் ராத்தாவின் பேச்சு அப்படியே ஏறியிருக்கிறது. நானே மறந்த சொல்லெல்லாம் வருகிறது. நஸீமா அவன் பக்கத்தில் இருந்து அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் இழுக்கவில்லை. தேத்தண்ணீரைக் குடித்து முடித்தான். எழும்பப் பார்த்தான்.

இப்போது கேட்காவிட்டால் இனி இல்லை என்று தெரிந்தது. எழும்பி நின்றேன்.

"மகன், பயணம் போறம். ஏதும் பிழை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மாப்புச் செய்யுங்க."

அவனை நான் ஒரு நாளும் நீங்க என்று கதைத்ததில்லை. வழக்கமான சொல் அப்படித்தான் வாயில் வந்தது.

"என்ன பிழை?"

மாப்புக் கேட்டால் ஊரில் ஒரு பதில்தான் உண்டு. நாற்பது வீட்டிலும் அந்தப் பதிலைத்தான் சொன்னார்கள். என்ன பிழை என்று யாரும் கேட்பதில்லை. கேட்கக்கூடாது என்பதற்காகத்தானோ அந்த வழக்கம் என்று அந்த நேரம் எனக்குப் பட்டது.

"உனக்குத் தெரியும்தானே மகன்."

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா? சொல்லுங்க வாப்பா. தங்கச்சியும் கேக்கட்டும். அவளுக்கு நான் படிக்கப் போன எண்டுதானே சொல்லி வெச்சிரிக்கீங்க."

ஷிபா என்னைப் பார்த்தாள்.

சொன்னேன். ஒரு மாசம் எண்டு சொன்னது பொய். மதரஸாவுக்கு முன்னமே பதிஞ்ச. உன்ட பாஸ்போட்ட நான் கொண்டுவந்த. நீ உறங்கக்குள்ள போனன். எழுப்பல்ல. எழுப்பினா போக ஏலாமப் போயிரும் எண்டு எழுப்பல்ல. நீ அழுதழுது போன் எடுத்தாய். நான் உன்ட உம்மாட்டக் குடுக்கல்ல.

கடைசியில் சொன்னது நஸீமாவுக்குத் தெரியாது. அவள் அவன் சட்டைக் கையை விட்டாள். அந்தக் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அகீல் நான் முடிக்கும் வரை கேட்டான். தலையை ஆட்டினான்.

"ஓம். அதுதான்."

நான் காத்து நின்றேன்.

"மாப்புச் செய்ய ஏலா வாப்பா. இப்ப ஏலா. பொய்யா மாப்புச் செஞ்சன் எண்டு சொல்லவும் மாட்டன். மதரஸாவுல நல்லாப் படிப்பிச்சாங்க, வாயால மட்டும் சொன்னா அது செல்லாது."

"பயணம் நிக்கட்டும்," என்றாள் நஸீமா. "ஒண்டும் வேணாம்."

"நிக்கத் தேவல்ல. தங்கச்சி ஆசைப்பட்ட. நான் வருவன்." அவன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னான். "என்ட கார்ல வருவன். நான் முன்னுக்குப் போறன். நீங்க பின்னால வாங்க. பதிஞ்ச றூம் எல்லாத்தையும் நான் மாத்துறன். எங்க நிக்கிற, எங்க படுக்கிற எண்டு கேக்கக்கூடா. உம்மாக்கும் தங்கச்சிக்கும் சொல்லுவன். வாப்பாக்கு ஆரும் சொல்லக்கூடா."

"காக்கா, நான் மூணு மாசமா இரிந்து..."

"உன்ட இடமெல்லாம் போவம் புள்ள. பயப்படாத."

என்னைப் பார்த்தான். வந்ததில் இருந்து அப்போதுதான் பார்த்தான்.

"சரியா வாப்பா?"

"ஓம்," என்றேன்.

அவன் போன பிறகு நஸீமா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நேற்று மட்டும், தண்ணீர்ப் போத்தல்களைக் காரில் ஏற்றும்போது கேட்டாள்.

"அந்த வனாந்தரத்துல நம்மள விட்டுட்டு அவன் போனா என்ன செய்ற?"

"நம்மள இல்ல. என்ன மட்டும்தான் விடுவான்," என்றேன். "நீயும் ஷிபாவும் அவன்ட கார்ல ஏறுங்க."

அவள் தன் உடுப்புப் பையை என் காரில் இருந்து எடுத்து வாசலில் வைத்தாள். ஷிபாவின் பையையும் எடுத்து வைத்தாள். தண்ணீர்ப் போத்தல்களையும் இறக்கினாள். பிறகு அதில் பாதியைத் திரும்ப என் காருக்குள் வைத்தாள்.

நாளை சுபஹு தொழுதுவிட்டுப் புறப்படுகிறோம். நான் தனியே ஓட்டுவேன். முன்னால் அவன் கார் போகும். அது எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியாது. நின்றால் நானும் நிற்பேன். நிற்காவிட்டால் எண்ணெய் முடியும் வரை பின்னால் போவேன்.